மருத்துவச் செருப்பு வாங்கியாச்சு, அப்புறம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்க்கரை நோயாலோ தொழுநோயாலோ கால் மரத்துப்போனவர்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கிற எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) செருப்பைப் பற்றியது இந்தப் பக்கம். எங்கே வாங்குவது, யார் எழுதிக் கொடுப்பார்கள் என்பதெல்லாம் இங்கே கிடையாது. மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்வது என்று மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி, சாயல்குடிப் பக்கத்து ஆட்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் மட்டும்தான். செருப்புத் தைப்பதும் அளவு சரிபார்ப்பதும் என் வேலை, புண்ணுக்கு மருந்து சொல்வது டாக்டர் வேலை. அந்தக் கோட்டைத் தாண்டாமல் எழுதியிருக்கிறேன்.

புதுச் செருப்பை முதல் நாளே நாள் முழுக்கப் போட்டுக்கலாமா?

வேண்டாம். முதல் நாள் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி நேரம் போட்டு நடந்துவிட்டுக் கழற்றுங்கள். வார் பட்ட இடம், விரல் நுனி, சுண்டுவிரல் பக்கம், குதிகால் ஓரம் எல்லாம் பாருங்கள். அழுத்திய தடம் 20 – 30 நிமிடத்தில் போய்விட்டால் சரி, மறுநாள் இன்னும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளலாம். இப்படியே போய் ஒன்றிரண்டு வாரத்தில் முழு நாளும் போடுகிற நிலைக்கு வந்துவிடலாம். தடம் போகவில்லை என்றால் அந்தச் செருப்பை ஓரமாக வைத்துவிட்டுத் திருப்பிக் கொண்டு வாருங்கள். "போகப் போகச் சரியாயிடும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உணர்ச்சி உள்ள கால் கடித்தால் நொண்டும், வாரைத் தளர்த்தச் சொல்லும். மரத்துப்போன கால் ஒன்றும் சொல்லாமல் கொப்புளத்தோடு சாயங்காலம் வரை நடந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று. "சிவந்திருக்கிறதா பாருங்கள்" என்று எல்லாரும் சொல்கிறார்கள், வெயிலிலும் உப்புக் காற்றிலும் கறுத்த காலில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? அந்த இடம் மற்ற இடத்தைவிடக் கறுத்து, தோல் பளபளவென்று இழுத்துக் கட்டினாற்போல் இருக்கும், புறங்கையை வைத்தால் சூடு தெரியும். அதைத்தான் தேட வேண்டும்.

அப்புறம் எப்ப எப்ப வந்து காட்டணும்?

முதல் தடவை ஒன்றிரண்டு வாரத்தில். அதற்குப் பிறகு உங்கள் காலைப் பொறுத்தது. நீரிழிவுப் பாதத்துக்கென்று உலக அளவில் உள்ள வழிகாட்டுதல் ஏறக்குறைய இப்படி: கால் மரத்திருக்கிறது, வேறு கோளாறு இல்லை என்றால் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை பாதப் பரிசோதனை. மரத்ததோடு விரல் மடங்கியிருக்கிறது, பாத அமைப்பு மாறியிருக்கிறது, அல்லது ரத்த ஓட்டம் குறைவு என்றால் 3 முதல் 6 மாதம். ஏற்கெனவே புண் வந்து ஆறியவர், விரல் எடுத்தவர், சிறுநீரகம் செயலிழந்தவர் என்றால் 1 முதல் 3 மாதம். புண் ஆறிவிட்டது என்பதாலேயே நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் ஒரு தடவை புண் வந்த காலில் மறுபடி வருவது அதிகம்.

விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பின்னி, படகுக்கு வர்ணம் அடிக்கிற அந்த நாட்களில் பழைய செருப்பை மாற்றும் வேலையையும் முடித்துவிடுங்கள். புதுச் செருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கவும் அப்போதுதான் அவகாசம் கிடைக்கும். அதற்காக நடுவில் வர வேண்டிய தவணையைத் தடைக்காலம் வரைக்கும் தள்ளிப்போடக் கூடாது.

வரும்போது சாயங்காலமாக வந்தால் நல்லது, கால் வீங்கியிருக்கிற நேரத்தில்தான் அளவு உண்மையைச் சொல்லும். போட்டு நடந்த செருப்பையே போட்டுக்கொண்டு வாருங்கள். என்னிடம் காட்டுவதற்காகத் துடைத்து, பையில் போட்டு, புதுசு மாதிரி எடுத்து வருகிறவர்கள் உண்டு. எனக்கு வேண்டியதே அந்தத் தேய்மானம்தான்.

ஒவ்வொரு தடவையும் டாக்டர் தங்கூசி மாதிரி ஒன்றை வைத்துக் காலில் குத்துகிறாரே, அது எதுக்கு?

மீன் வலைத் தங்கூசி போல அதுவும் நைலான் இழைதான். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற மாதிரி செய்தது. பாதத்தில் வைத்து அது வளைகிற அளவு அழுத்தும்போது உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அந்த இடத்துக்குத் தன்னைக் காத்துக்கொள்கிற உணர்ச்சி போய்விட்டது என்று கணக்கு. கண்ணை மூடிக்கொண்டு உள்ளதைச் சொல்லுங்கள். பரீட்சை மாதிரி நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "தெரியுது, தெரியுது" என்பவர்களால்தான் சிக்கல்.

செருப்புதான் போட்டிருக்கோமே, அப்புறமும் முள் ஏறுமா?

ஏறும். நம் மாவட்டத்தில் இதற்குத்தான் முதலிடம் கொடுக்க வேண்டும். சீமைக்கருவேலம் இல்லாத கண்மாய்க்கரை எது, ஒற்றையடிப் பாதை எது? எம்.சி.ஆர். என்பது காற்றுக் குமிழிகள் நிறைந்த மெத்து ரப்பர். அது மெத்தென்று இருப்பதால்தான் பாதத்தின் அழுத்தம் பரவுகிறது, அதே காரணத்தால் முள்ளுக்கும் வழிவிடுகிறது. அதனால்தான் அடியில் கெட்டி ரப்பர் வைத்துத் தருகிறோம். அந்த அடி தேயத் தேய முள்ளுக்கு வழி சுலபம்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முள் அடியில் ஏறி உள்ளேயே ஒடிந்துவிடும். செருப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேலே ஒன்றும் தெரியாது, விரலால் தடவினாலும் அகப்படாது. நீங்கள் ஏறி நிற்கும்போது மெத்தை அமுங்குமே, அப்போதுதான் நுனி வெளியே வந்து பாதத்தில் இறங்கும். இறங்கிவிட்டால் அவ்வளவுதான், ஒவ்வொரு அடிக்கும் அதே இடத்தில் குத்து. ஆகவே சும்மா தடவினால் போதாது. செருப்பைப் பின்பக்கமாக வளைத்துப் பிடித்து, அடியிலிருந்து கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே, மேலே ஒரு மெல்லிய துணியை இழுத்துப் பாருங்கள். நுனி இருந்தால் துணி மாட்டும். துணி எதற்கு என்றால், தொழுநோய் கண்டவர்களில் பலருக்குக் கையும் மரத்திருக்கும். கையை விட்டுத் தேடினால் கைக்கும் சேர்த்துப் புண் வந்துவிடும்.

அகப்பட்ட முள்ளை இடுக்கியால் பிடுங்குங்கள். முழுசாக வரவில்லை என்றால் அந்தச் செருப்பைப் போடாமல் கொண்டு வாருங்கள். காலிலும் ஏறியிருந்தால் ஊசியை வைத்து நீங்களே நோண்ட வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு, டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி போட வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காலையில் போடும் முன் ஒரு தடவை, சாயங்காலம் கழற்றியதும் ஒரு தடவை, தினமும். இதற்கு மட்டும் விடுமுறை கிடையாது.

வீட்டுக்குள்ளயும் போடணுமா? வாசலில் கழற்றித்தானே பழக்கம்.

போட வேண்டும். வெளியே மட்டும் போட்டால் பாதிப் பலன்தான். ராத்திரி எழுந்து போகும்போது கதவு நிலையில் இடிப்பது, அடுப்படியில் விழுந்த கங்கை மிதிப்பது, கருவாடு காயப்போட்ட முற்றத்தில் மீன்முள் ஏறுவது, இதெல்லாம் வீட்டில்தான் நடக்கிறது. உள்ளே போட என்று ஒரு ஜோடி தனியாக வைத்துக்கொண்டால் வாசலில் கழற்றுகிற பழக்கமும் கெடாது, மண்ணும் உள்ளே வராது. பின்வார் அதற்கும் வேண்டும். ஹவாய் செருப்பு வேண்டாம்: நடுவில் இருக்கிற பொத்தான் பெருவிரல் இடுக்கை அறுக்கும், பின்வார் இல்லாததால் கழன்று போனாலும் மரத்த காலுக்குத் தெரியாது. ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் இல்லாமலும் தெரு முழுக்க நடந்து வந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

வலையும் கருவாடும் போட்டுவைக்கிற வீட்டில் எலி இருக்கும். தூங்கும்போது மரத்த காலை எலி கடித்தாலும் தெரியாது. படுக்கும் முன் காலைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் கட்டிலில் படுங்கள்.

கடற்கரை மணல் உள்ளே போய்க்கிட்டே இருக்கே, தினம் கழுவலாமா?

மணல் இருக்கிற செருப்பு உப்புத்தாள் மாதிரி, நடக்க நடக்கத் தேய்க்கும். மணலில் நடந்து முடித்ததும் உட்கார்ந்து, கழற்றித் தட்டி, விரல் இடுக்கையும் துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். வெல்க்ரோவில் மணல் ஏறினால் பிடிப்புப் போய்விடும், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கோதிவிட்டால் போதும். கொக்கி வைத்த வாரானால் மணல் தொந்தரவில்லை, ஆனால் உப்பில் துருப்பிடிக்கும், கை மடங்கியவர்களுக்கு மாட்டவும் வராது. கரையோரத்துக்கு வெல்க்ரோதான் தேவலை என்பது என் கட்சி.

கழுவுவதற்கு நல்ல தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பிறகு நிழலில் காற்றாட வையுங்கள். உச்சி வெயிலில் ஓட்டுக்கூரை மேல் எறிந்துவிட்டுப் போனால் பசை விட்டுவிடும், மெத்தையும் சுருங்கி விறைத்துப்போகும். ஈரத்தோடு போடவே கூடாது. அதற்குத்தான் இரண்டு ஜோடி வேண்டும் என்பது.

சாக்ஸ் போடுகிறவர்கள் வெள்ளை அல்லது வெளிர் நிறப் பருத்தி சாக்ஸ் வாங்குங்கள். நீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ உடனே கண்ணில் படும். மேல்விளிம்பு இறுக்கமாக இருக்கக் கூடாது.

நான் பாசி எடுக்கப் போறவ. இந்தச் செருப்போட கடல்ல இறங்கலாமா?

வேதாளை, சின்னப்பாலம் பக்கத்து அக்காமார் இதை விடாமல் கேட்பார்கள். இந்தச் செருப்போடு இறங்கக் கூடாது. தண்ணீரில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியும், உள்ளே புகுந்த மணல் வெளியே வராது, செருப்பும் ஒரு பருவம்கூடத் தாங்காது. பாதம் முழுக்க மரத்துப்போனவர்கள் பவளப்பாறைமேல் கால் வைக்கிற வேலைக்கே போகாமலிருப்பது நல்லது. சொல்வது எளிது, வயிற்றுப்பாடு வேறு என்று எனக்கும் தெரியும். பாறையில் இறங்காமல் கரையில் பாசியைக் காயவைப்பது, பிரிப்பது, மூட்டை கட்டுவது என்று மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் விரலும் குதிகாலும் மூடிய, அடி தடித்த, காலில் நிற்கிற ரப்பர் ஷூ ஒன்றைக் கடலுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, வெளிச்சத்தில் ஒவ்வொரு இடமாகப் பாருங்கள். கீறல் இருந்தால் மறுநாள் இறங்காதீர்கள்.

உப்புத்தண்ணி பட்டாப் புண் ஆறிடும்னு எங்க ஐயா சொல்றாரே?

ஐயா சொல்வதை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். வெதுவெதுப்பான கடல் தண்ணீரில் விப்ரியோ என்ற வகைக் கிருமிகள் உண்டு. திறந்த புண் வழியாக உள்ளே போனால், சர்க்கரையோ கல்லீரல் நோயோ உள்ளவர்களுக்கு ஒன்றிரண்டு நாளிலேயே கால் வீங்கி, கருநீலக் கொப்புளம் போட்டு, உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். கடலில் பட்ட காயத்தோடு காய்ச்சலும் வீக்கமும் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ராத்திரியே கிளம்புங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

இதோடு சேர்ந்ததுதான் திருக்கை முள். திருக்கை குத்தினால் தாங்குகிற சூட்டுத் தண்ணீரில் காலை வைப்பது சரியான முதலுதவிதான். ஆனால் "தாங்குகிற சூடு" எது என்று மரத்த கால் எப்படிச் சொல்லும்? விஷ வலி குறைவதற்குள் கால் வெந்துவிடும். உணர்ச்சி நன்றாக இருக்கிற வேறொருவர் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும்.

ராமேஸ்வரம் கோயிலுக்குள்ள செருப்பு போட முடியாதே, என்ன பண்றது?

22 தீர்த்தமும் ஆடுகிறவர்கள் ஈரத் தரையில் நெடுநேரம் வெறுங்காலோடு நடக்கிறார்கள். உள்பிராகாரக் கல் குளிர்ச்சி, பயமில்லை. வெளியே வெயிலில் கிடக்கிற கல்லும் தார்ச்சாலையும்தான் ஆபத்து. விடியற்காலையில் போய் வெயில் ஏறும் முன் வெளியே வந்துவிடுங்கள். செருப்பை ரதவீதிக் கோடியில் விட்டுவிட்டு நடக்காமல், வாசலுக்கு எவ்வளவு பக்கத்தில் விட முடியுமோ அங்கே விடுங்கள். வெளியே வந்ததும் காலைத் துடைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். தனுஷ்கோடி மணலை மத்தியானத்தில் வெறுங்காலால் மிதிக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், பாதம் பொத்துப்போகும்.

கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்து வாப்பாமார்கள் ஐந்து வேளைத் தொழுகைக்கும் கை கால் கழுவி ஒளு எடுக்கிறார்கள். அது ஒரு வகையில் வசதி, காலைத் தினமும் இத்தனை தடவை யார் பார்ப்பார்கள்? கழுவிய பின் விரல் இடுக்கை உலர்த்தாமல் அப்படியே செருப்பில் நுழைப்பதில்தான் தோல் வெளுத்து ஊறி வெடிக்கிறது. தோளில் கிடக்கிற துண்டு எதற்கு? துடைத்துவிடுங்கள்.

ஓரியூருக்கோ வேளாங்கண்ணிக்கோ பழனிக்கோ பாதயாத்திரை நேர்ந்துகொண்டவர்கள், நடக்கும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். புண் வந்து ஆறிய காலுக்கு அந்தத் தூரம் ஆகாது என்பதுதான் என் எண்ணம். வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றினால் சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது.

வார் அறுந்தா பஸ் ஸ்டாண்டில் தைச்சுக்கலாமா?

தையல் போடலாம், ஆணி அடிக்கக் கூடாது. நன்றாகத் தைக்கத் தெரிந்த தம்பிதான், ஆனால் அவசரத்துக்கு இரண்டு சின்ன ஆணி அடித்துக் கொடுத்துவிடுவார். மெத்தை தேய்ந்ததும் அந்த ஆணி மேலே வரும். இந்தச் செருப்பில் பசையும் தையலும் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியே கொடுங்கள். உள்மெத்தையைக் கத்தரிப்பது, மேலே இன்னொரு அட்டை வைப்பது இதெல்லாம் வேண்டாம். எந்த இடத்தில் அழுத்தம் குறைய வேண்டும் என்று கணக்குப் பண்ணி வைத்தது அது.

உள்ளங்காலில் காய்ப்பு ஏறுது. பிளேடால் சீவிடலாமா?

கூடாது. கடையில் விற்கிற கால் ஆணி பிளாஸ்திரியும் கூடாது, அதிலிருக்கிற அமிலம் நல்ல தோலையும் அரிக்கும். காய்ப்பு ஏறுகிறது என்றால் அந்த இடத்தில் அழுத்தம் அதிகம் என்று அர்த்தம், செருப்பில் மாற்றம் வேண்டும். காய்ப்புக்கு நடுவே கறுப்பாகவோ ரத்தம் கட்டினாற்போலோ தெரிந்தால் அடியில் புண் ஏற்கெனவே இருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள்.

தொழுநோய் கண்டவர்களுக்கு வியர்வை நின்று தோல் காய்ந்து வெடிக்கும். அவர்கள் பச்சைத் தண்ணீரில் 20 நிமிடம் போல ஊறவைத்து, வழவழப்பான கல்லால் லேசாகத் தேய்த்து, ஈரம் போவதற்குள் தேங்காய் எண்ணெய் பூசுவது நல்ல பழக்கம். சர்க்கரைக்காரர்கள் ஊறவைக்க வேண்டாம், கழுவித் துடைத்து எண்ணெய் மட்டும் போதும். இருவருமே விரல் இடுக்கில் எண்ணெய் விடக் கூடாது.

புண்ணே இல்லை, ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருக்கு. வலியும் பெரிசா இல்லை.

இதைத்தான் எல்லாரும் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து நீவிவிட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். மரத்துப்போன காலில் எலும்பும் மூட்டும் உள்ளுக்குள் நொறுங்கத் தொடங்கினால் இப்படி இருக்கும், சார்க்கோ பாதம் என்பார்கள். நடக்க நடக்கப் பாதத்தின் வளைவு உடைந்து தட்டையாகி, பிறகு எந்தச் செருப்பும் அதற்குப் பொருந்தாது. காலை ஊன்றாமல் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போங்கள். மாவுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் ஓய்வு கொடுப்பதுதான் வைத்தியம்.

கொரோனா சமயத்தில் நெற்றியில் நீட்டினார்களே, அந்த வகை வெப்பமானி வீட்டில் இருந்தால் இரண்டு பாதத்திலும் ஒரே இடத்தில் அளந்து பாருங்கள். ஒரு கால் மற்றதைவிட 2.2 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக, அடுத்தடுத்து இரண்டு நாள் காட்டினால் நடையைக் குறைத்துக்கொண்டு வந்து காட்டுங்கள்.

புண் வந்திருச்சு. செருப்புதான் இருக்கே, போட்டு நடக்கலாமா?

இந்தச் செருப்பு புண் வராமல் தடுப்பதற்கு. வந்த புண்ணை ஆற்ற அது போதாது. அந்த இடத்தில் பாரமே படாதபடி கட்டோ வேறு ஏற்பாடோ டாக்டர்தான் செய்ய வேண்டும்.

குனிந்து உள்ளங்காலைப் பார்க்க முடியலை, கண்ணும் மங்கல்.

தரையில் கண்ணாடியை வைத்து அதன்மேல் காலை நீட்டிப் பார்க்கலாம். அதைவிட, பேரன் பேத்தி கையில் போன் இருக்குமே, வாரம் ஒரு நாள் இரண்டு உள்ளங்காலையும் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். போன வாரப் படத்தையும் இந்த வாரப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் மாற்றம் பளிச்சென்று தெரியும். என்னிடம் வரும்போது அந்தப் படங்களைக் காட்டுங்கள், எனக்கு அது பெரிய உதவி.

இந்தச் செருப்பைப் பார்த்தாலே இன்ன வியாதின்னு ஊருக்குத் தெரியுது. கல்யாண வீட்டுக்குப் போட்டுப் போகக் கூச்சமா இருக்கு.

நியாயமான கூச்சம்தான். ஒரே கறுப்பு நிறம், ஒரே அமைப்பு என்று வருடக்கணக்கில் கொடுத்ததால் வந்த வினை இது, தப்பு உங்கள்மேல் இல்லை. அளவெடுக்கும்போதே சொல்லுங்கள். உள்மெத்தை எம்.சி.ஆர்.ஆக இருந்தால் போதும், மேல்வாரைப் பழுப்பிலோ மெரூனிலோ, கடையில் விற்கிற சாண்டல் அமைப்பிலோ தைக்க முடியும். கேட்காமல் போய், கல்யாணத்தன்று மட்டும் ஹவாய் செருப்பை மாட்டி, பந்தியிலும் மண்டபத்திலும் நாள் முழுக்க நின்றுவிட்டு, மறுநாள் கொப்புளத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம்.

எத்தனை நாள் தாங்கும்?

பெருவிரல் மேட்டுக்கு அடியில் இருக்கிற மெத்தையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கி உடனே எழும்பினால் உயிர் இருக்கிறது. பள்ளம் விழுந்து அப்படியே கிடந்தாலோ, அழுத்தினால் அட்டை மாதிரி இருந்தாலோ மாற்ற வேண்டும். தினமும் போடுகிறவர்களுக்கு மெத்தை ஆறு மாதம் போலவும் செருப்பு ஒரு வருடம் போலவும் வரும், மணலிலும் உப்பிலும் நடக்கிறவர்களுக்கு அதற்கும் முன்னாலேயே போய்விடும். அடி ஒரு பக்கமாக மட்டும் தேய்ந்திருந்தால் நடை சாய்கிறது என்று பொருள், அப்போது புதுசு மட்டும் வாங்கிக்கொண்டு போகாமல் நடந்து காட்டிவிட்டுப் போங்கள்.

அப்பாவோட செருப்பு நல்லாத்தான் இருக்கு, அவர் இப்ப போடுறதில்லை. அம்மாவுக்கும் அதே அளவுதான், போட்டுக்கலாமா?

கூடாது. நீளம் ஒன்றாக இருக்கலாம், ஆனால் அந்த மெத்தையில் அப்பாவின் பாதம் அழுத்திய பள்ளம் இருக்கிறது. அம்மாவுக்குத் தனியாக அளவெடுக்க வேண்டும், கூட்டி வாருங்கள். அப்படியே அப்பா ஏன் போடுவதில்லை என்றும் கேட்டு வையுங்கள்.